ரொம்பப் ‘பத்திர’மான பேட்டை!

முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. கான்ஸாஸ் ஸிட்டி எந்த மாநிலத்தில் இருக்கிறது?

‘இதென்ன கேள்வி, கான்ஸாஸில்தான்’ என்று சொன்னவர்கள் தயவுசெய்து பெஞ்சு மேல் ஏறவும். கான்ஸாஸ் ஸிட்டி இருப்பது மிஸௌரி மாநிலத்தில்! அதே பெயரில் ஒரு தம்பி ஊர் கான்ஸாஸ் பக்கம் இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் பெரிய கட்டடங்கள், மியூசியம், ஜாஸ் சங்கீதம் எல்லாம் அண்ணனிடம்தான். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஓடும் சாலைக்கு ‘ஸ்டேட் லைன் ரோடு’ என்று பெயர். இந்தப் பிளாட்பாரத்தில் நின்று தும்மினால் மிஸௌரி, எதிர் பிளாட்பாரத்தில் நிற்பவர் ‘நூறாயுசு’ சொன்னால் கான்ஸாஸ்.

அமெரிக்கா போகிறவர்கள் நியூயார்க், நயாகரா, டிஸ்னி என்று ஒரு ரவுண்டு வந்துவிட்டு, சுதந்திர தேவி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நட்டநடுவில், தொப்புள் மாதிரி இருக்கும் இந்த ஊருக்கு யாரும் போவதில்லை. போகவேண்டும். அங்கே உள்ள ஒரே ஒரு பேட்டையைப் பார்ப்பதற்காகவாவது போகவேண்டும். பேட்டையின் பெயர் ‘கன்ட்ரி கிளப் டிஸ்ட்ரிக்ட்’.

(‘கன்ட்ரி’ என்றதும் வேறு ஏதோ ஞாபகம் வந்து நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர்கள் மன்னிக்கவும். இது அந்த கன்ட்ரி இல்லை!)

கன்ட்ரி கிளப் என்பது என்ன? ஊருக்கு ஒதுக்குப்புறமாக, பச்சைப் பாய் விரித்தாற்போல ஒரு கால்ஃப் மைதானம். நடுவே மாளிகை மாதிரி ஒரு கட்டடம். சாப்பாட்டு ஹால், டென்னிஸ், நீச்சல் குளம் இத்யாதி. கையில் பணம் இருந்தால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் உங்களைச் சிபாரிசு செய்யணும். கமிட்டி கூடிப் பேசும். வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஏன் என்று காரணம் சொல்லமாட்டார்கள். பெண் பார்த்து, பஜ்ஜி சொஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்று கிளம்புவார்களே, அந்த ரகம்.

கான்ஸாஸ் ஸிட்டியில் அப்படி ஒரு கிளப் 1896-ல் ஆரம்பித்தது. ஊரின் தென்கோடியில், வார்ட் என்ற குடும்பத்தின் நிலத்தில் பணக்காரர்கள் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்து சேர்ந்தார் நம் கதாநாயகர்.

சைக்கிளில் போன நிக்கல்ஸ்

ஜெஸ்ஸி கிளைட் நிக்கல்ஸ். பக்கத்தில் உள்ள ஒலேதா என்ற சின்ன ஊரில் 1880-ல் பிறந்தவர். கான்ஸாஸ் யுனிவர்சிடியில் படித்து, ஒரு வருஷம் ஹார்வர்டிலும் பெஞ்சைத் தேய்த்தவர். படிக்கிற காலத்தில் ஐரோப்பாவைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்தார். ‘நம்மூரிலும் வீடுகள் இப்படித் தோட்டமும் துரவுமாக இருந்தால் எப்படி இருக்கும்!’ என்று ஆசை பிடித்துக்கொண்டது. நம்மில் பலருக்கும் இப்படி ஆசை வரும். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் சரியாகிவிடும். அவருக்குச் சரியாகவில்லை.

1905-ல் பத்து ஏக்கர் நிலத்தில் தொடங்கினார். சுற்றிலும் பன்றிப் பண்ணை, செங்கல் சூளை, குப்பை மேடு. இந்த லட்சணத்தில் மனை போட்டால் யார் வாங்குவார்கள்? அக்கம்பக்கத்தில் இருந்த ஒரே கௌரவமான சமாசாரம் அந்த கன்ட்ரி கிளப். மனிதர் அதன் பெயரையே தூக்கித் தன் மனைகளுக்கு வைத்துவிட்டார். 1908 வாக்கில் அவர் கையில் இருந்தது ஆயிரம் ஏக்கர். அத்தனைக்கும் ‘கன்ட்ரி கிளப் டிஸ்ட்ரிக்ட்’ என்று நாமகரணம்.

யோசித்துப் பார்த்தால் பயங்கர மூளை. கால்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் எதிரே ஃபாக்டரி வராது, லாரி ஷெட் வராது, மூன்று மாடி லாட்ஜ் வராது. உங்கள் ஜன்னலுக்கு எதிரே நூறு ஏக்கர் பச்சை. அதைப் பராமரிக்கிற செலவு கிளப்பினுடையது. பார்த்து ரசிக்கிற சுகம் உங்களுடையது. அதோடு, ‘கிளப் பக்கத்தில்தான் சார் வீடு’ என்று சொல்லிக்கொள்வதில் ஒரு மிதப்பு. 1914-ல் ஸ்டேட் லைனைத் தாண்டி கான்ஸாஸ் பக்கம் ‘மிஷன் ஹில்ஸ்’ என்று அடுத்த பேட்டையைப் போட்டபோது, கூடவே ஒரு புது கிளப்பும் வந்துவிட்டது. இன்று மிஷன் ஹில்ஸில் இருப்பது சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர். அவர்களுக்கு மூன்று கன்ட்ரி கிளப். பெட்டிக்கடை ஒன்றுகூடக் கிடையாது. வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் அங்கே குடியேற முடியாது!

ஒரு நடை நடந்து வரலாம்

ஊரின் மையத்திலிருந்து டிராம் இருக்கிறது. 2016-ல் விட்டார்கள். டிக்கெட் கிடையாது, சத்தியமாக இலவசம். ஏறிக்கொண்டால் ‘கன்ட்ரி கிளப் பிளாஸா’ பக்கம் இறங்கலாம். இதுவும் நிக்கல்ஸ் கைவண்ணம்தான். கார் வைத்திருக்கிறவர்கள் வந்து நிறுத்திச் சாமான் வாங்குவதற்கென்றே 1922-ல் அறிவித்து, மறுவருஷம் கடைகளைத் திறந்தார். இன்று உலகம் பூரா இருக்கிற ஷாப்பிங் சென்டர்களுக்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா. ‘ஊருக்கு வெளியே சேற்று நிலத்தில் கடை போடுகிறான், பைத்தியக்காரன்’ என்று அன்று சிரித்தார்களாம்.

கடைத்தெரு முழுக்க ஸ்பெயின் தேசத்துப் பாணி. ஓட்டுக் கூரை, வண்ண டைல்ஸ், இரும்புப் பூ வேலைப்பாடு. ஸ்பெயினில் ஸெவில் நகரத்தில் இருக்கிற ஜிரால்டா கோபுரத்தைப் பாதி சைஸில் 1967-ல் இங்கே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். 1925 கிறிஸ்துமஸுக்கு ஒரு வாசற்படி மேல் நாலு பல்பு கட்டித் தொங்கவிட்ட வழக்கம், இன்று மொத்தக் கடைத்தெருவையும் விளக்கால் வரைந்து காட்டுகிற திருவிழாவாகிவிட்டது. நவம்பர் கடைசியில் போனால் கண்கொள்ளாக் காட்சி.

பக்கத்தில் ஓடும் ‘பிரஷ் கிரீக்’ என்ற ஓடையையும் எட்டிப் பாருங்கள். 1930-களில் இந்த ஓடையின் அடிவயிற்றுக்கு சிமென்ட் காங்கிரீட் போட்டு மெழுகினார்கள். ஓடைக்கு எதற்கு காங்கிரீட் என்று கேட்காதீர்கள். அப்போது ஊரை ஆட்டிவைத்த அரசியல் புள்ளி டாம் பெண்டர்காஸ்ட். காங்கிரீட் கம்பெனியும் அவருடையது! (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?) பின்னாளில் ஜனாதிபதியான ஹாரி ட்ரூமனை அரசியல் ஏணியில் ஏற்றிவிட்டதும் இவர் கோஷ்டிதான். கடைசியில் 1939-ல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்து வேண்டியிருக்கும்.

அங்கிருந்து தெற்கே ‘வார்ட் பார்க்வே’யில் நடந்தால்... ஹும்! பெருமூச்சுதான். அகலமான சாலை, நடுவில் புல்வெளி, நீரூற்றுகள், இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த சிலைகள். வீடுகளா, கல்யாண மண்டபங்களா என்று சந்தேகமாக இருக்கிறது. மேட்டைச் சமப்படுத்தாமல், மரத்தை வெட்டாமல், நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தெருக்களை வளைத்துப் போட்டிருக்கிறார் நிக்கல்ஸ். தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் வீடு கட்டணும், இத்தனை டாலருக்குக் குறைந்த வீடு கட்டக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் சட்டம். குப்பை அள்ள, பனி ஒதுக்க, மரம் பராமரிக்க வீட்டுக்காரர்கள் சங்கம். பிள்ளைகளுக்குக் குருவிக்கூடு செய்யும் போட்டிகூட வைத்தார்கள்.

கவனித்தீர்களா? இத்தனை பெரிய இடத்துக்குக் காம்பவுண்டு சுவர் இல்லை. கேட் இல்லை. கூர்க்கா இல்லை. யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். பின்னே எப்படி நூறு வருஷமாக ‘அந்தஸ்து’ குலையாமல் இருக்கிறது?

பதில் தெருவில் இல்லை. பத்திரத்தில் இருக்கிறது.

பன்னிரண்டாம் பக்கம்

எனக்கு ஊர் சுற்றிக் காட்டிய நண்பர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். ஸ்டேட் லைனுக்கு அந்தப் பக்கம், பழைய காலனி ஒன்றில் கடன் போட்டு வீடு வாங்கியிருக்கிறார். அவர் வீட்டுச் சங்கத்திலிருந்து ஒரு லெட்டர் வந்திருந்தது: ‘தங்கள் வாசலில் புல் அதிகமாக வளர்ந்துவிட்டது. உடனே வெட்டவும்.’

“பாருங்க சார், நம்ம வீட்டுப் புல்லு, நம்ம இஷ்டத்துக்கு வளரக் கூடாதாம்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். வீடு வாங்கும்போது கொடுத்த பழைய தஸ்தாவேஜுகளின் நகல். “இதுல பன்னிரண்டாம் பக்கம் படிங்க.”

படித்தேன். சந்துபொந்தாக இங்கிலீஷ். கோழி வளர்க்கக் கூடாது, விளம்பரப் பலகை வைக்கக் கூடாது என்று வரிசையாக வந்து, அதே சாதாரணக் குரலில் அடுத்த ஷரத்து: இந்த மனையைக் கறுப்பினத்தவர் யாருக்கும் விற்கக் கூடாது, சொந்தக்காரராகவோ குடித்தனக்காரராகவோ அவர்கள் இங்கே இருக்கக் கூடாது. ஓரத்தில், ‘இது சட்டப்படி செல்லாது’ என்று பிற்காலத்து முத்திரை ஒன்று.

“சொந்தக்காரரா, குடித்தனக்காரரான்னு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கான் சார். சமையலுக்கு, துணி துவைக்க வந்தா பரவாயில்லை!”

“உங்களை மாதிரி ஆளுங்களைப் பத்தி என்ன போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லை. நாம வந்து வாங்குவோம்னு அவனுக்குக் கனவுல கூடத் தோணலை போலிருக்கு.”

சிரித்தோம். ஆனால் அவர் அந்தக் கட்டை உடனே மூடவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

நிக்கல்ஸ் தம் பேட்டைகளில் எழுதிவைத்த ஷரத்தும் இந்த ரகம்தான். ‘பாதுகாப்பு விரும்புகிறவர்களுக்கு ஆயிரம் ஏக்கர்’ என்கிற மாதிரி அவர் விளம்பரம் செய்தார் இல்லையா? அந்தப் பாதுகாப்பில் பன்றிப் பண்ணையும் அடக்கம், பக்கத்து வீட்டுக்குக் கறுப்பர் வருவதும் அடக்கம். வெள்ளைக்காரர் மட்டும் என்று பத்திரத்தில் எழுதும் வழக்கத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. பல ஊர்களில் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சாவி கொடுத்தார். சாதாரணமாக இந்த மாதிரி ஷரத்துகளுக்கு ஆயுள் இருபது, இருபத்தைந்து வருஷம். அப்புறம் தானாகச் செத்துப்போகும். 1914-லிருந்து நிக்கல்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். கெடு முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்! வேண்டாம் என்றால், கெடுவுக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே பெரும்பாலான சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யணும். ஒரு ஃப்ளாட்டில் எட்டுப் பேரைக் கூட்டி மோட்டார் ரிப்பேருக்குக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு இதன் மகத்துவம் புரியும். நடக்கிற காரியமா அது?

இப்போது பெண்டர்காஸ்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வரி ஏய்த்து ஜெயிலுக்குப் போனாரே, அவர் வீடு எங்கே இருந்தது தெரியுமா? சாட்சாத் இந்த வார்ட் பார்க்வேயில்! அவருக்குப் பத்திரத்தில் எந்தத் தடையும் இல்லை. இதே ஊரில் வளர்ந்துதான் சார்லி பார்க்கர் என்ற கறுப்பு இளைஞர் ஸாக்ஸஃபோனில் ஜாஸ் சங்கீதத்தையே புரட்டிப்போட்டார். அவர் சம்பாதித்துப் பணத்தைக் கொண்டுவந்து கொட்டியிருந்தாலும் இங்கே ஒரு அவுட்ஹவுஸ்கூட வாங்கியிருக்க முடியாது.

கடன் கொடுத்த சர்க்கார்

இது ஒரு ஊர்க் கதை என்று விட்டுவிடலாம். ஆனால் 1934-ல் அமெரிக்க சர்க்கார் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர ஒரு அமைப்பை ஆரம்பித்தது. எந்தப் பேட்டையில் கடன் பத்திரமாக இருக்கும் என்று அதிகாரிகளுக்கு ஒரு கையேடு போட்டார்கள். இந்த மாதிரி இன ஷரத்து இருந்தால் நல்லது என்று அந்தக் கையேடே சிபாரிசு செய்தது. அப்புறம் என்ன? நாடு பூரா நிக்கல்ஸ் மாடல். ஹூஸ்டனில் ‘ரிவர் ஓக்ஸ்’ என்று கன்ட்ரி கிளப்போடு ஒரு பணக்காரப் பேட்டை இருக்கிறதே, அதைப் போட்டவர்கள் இவரிடம் யோசனை கேட்டுத்தான் போட்டார்கள்.

ஹவுஸிங் லோன் கட்டுகிறவர்களுக்குக் கணக்கு உடனே புரியும். ஒரு பக்கம் குறைந்த வட்டியில் கடன், வருஷா வருஷம் விலை ஏறுகிற வீடு, பிறகு அது பிள்ளைக்கு. இன்னொரு பக்கம் கடனும் கிடையாது, கேட்ட இடத்தில் வீடும் கிடையாது, வாடகைதான். கான்ஸாஸ் ஸிட்டியில் ‘ட்ரூஸ்ட் அவென்யூ’ என்று ஒரு சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அதற்கு மேற்கே வெள்ளையர், கிழக்கே கறுப்பர் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் இன்றைக்கு நடந்து பார்த்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தப் பத்திரங்களின் பல்லைப் பிடுங்கியது இதே மிஸௌரி மாநிலத்தில் கிளம்பிய வழக்கு. ஸெயின்ட் லூயி நகரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் 1945-ல் ஒரு வீடு வாங்கியது. அக்கம்பக்கத்தார் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 1948-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ‘இந்த ஷரத்தை அமுல்படுத்த எந்தக் கோர்ட்டும் உதவக் கூடாது’ என்று தீர்ப்பளித்தது. இதில் ஒரு தமாஷ். ஒன்பது ஜட்ஜுகளில் மூன்று பேர் அந்த வழக்கை விசாரிக்கவில்லை; ஒதுங்கிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரத்திலும் இதே ஷரத்து இருந்திருக்கும் என்பது பலரின் ஊகம்!

1968-ல் வீட்டு வசதிச் சட்டம் வந்து, நிறம் பார்த்து விற்பதே குற்றம் என்றானது. ஆனாலும் காகிதத்தில் இருந்த வரிகள் லேசில் போகவில்லை. நீக்குவதற்கும் கையெழுத்து வேண்டுமே! உயிர் போன ஷரத்து, தானாகப் புதுப்பித்துக்கொண்டு பத்திரத்துக்குள்ளேயே கிடந்தது.

கிளப் போட்ட லெட்டர்

சரி, பத்திரம் போனது. கிளப்?

1990-ல் நடந்ததைக் கேளுங்கள். ஹென்றி பிளாக் என்பவர் கான்ஸாஸ் ஸிட்டியில் பெரிய மனிதர். 1955-ல் தம்பியோடு சேர்ந்து, ஜனங்களுக்கு வருமான வரி ஃபாரம் பூர்த்தி செய்து தரும் கம்பெனி ஆரம்பித்து, அமெரிக்கா முழுக்கக் கிளை விரித்தவர். மார்ச் மாதம் வந்தால் நாம் ஆடிட்டரைத் தேடி ஓடுகிறோம். அங்கே ஏப்ரலில் அவர் கம்பெனிக்கு ஓடுவார்கள். அவர் அந்தப் பழைய கான்ஸாஸ் ஸிட்டி கன்ட்ரி கிளப்பில் சேர மனுப் போட்டார். கமிட்டி ‘வேண்டாம்’ என்றது. பிளாக் யூதர்.

அந்தக் கிளப்பில் ஒரு உறுப்பினர் டாம் வாட்ஸன். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து தடவை ஜெயித்த உலகப் புகழ் கால்ஃப் வீரர், உள்ளூர்ப் பையன். அவர் மனைவி யூதர். பிளாக்கை நிராகரித்ததற்குக் காரணம் மதம்தான் என்று கருதிய வாட்ஸன், ‘என் வீட்டாருக்கு இடமில்லாத இடத்தில் எனக்கென்ன வேலை’ என்கிற மாதிரி ராஜினாமா செய்துவிட்டார். நாடு பூரா பேப்பரில் வந்தது. அதே வருஷம் அலபாமாவில் ‘ஷோல் கிரீக்’ கிளப்பில் கறுப்பர் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை என்ற விவகாரம் வெடித்து, பெரிய கம்பெனிகள் டி.வி. விளம்பரத்தை வாபஸ் வாங்கிய நேரம். பிற்பாடு கிளப் பிளாக்கைச் சேர்த்துக்கொண்டது. வாட்ஸனும் திரும்பினார்.

வரி ஏய்த்தவர் கண்ணியமாகக் குடியிருந்த பேட்டையில், ஊருக்கே வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தவருக்கு நாற்காலி கிடைக்க ஒரு சாம்பியன் ராஜினாமா செய்யவேண்டி இருந்தது.

லூஸ் பார்க்

கடைசியாக ஒரு இடம். பெயரைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது: ‘லூஸ் பார்க்’. ஜேகப் லூஸ் என்ற பிஸ்கட் வியாபாரியின் ஞாபகார்த்தம். (ஓரியோ பிஸ்கட் வந்தது 1912-ல். கிட்டத்தட்ட அதே மாதிரி ‘ஹைட்ராக்ஸ்’ பிஸ்கட்டை 1908-லேயே போட்டது இவர் கம்பெனி. யார் லூஸ் என்று நீங்களே சொல்லுங்கள்!)

முதலில் சொன்னேனே, வார்ட் குடும்ப நிலத்தில் பந்து அடித்துக்கொண்டிருந்த பழைய கிளப், அது இருந்தது இங்கேதான். 1926-ல் கிளப் மிஷன் ஹில்ஸுக்கு ஜாகை மாறியது. எழுபத்தைந்து ஏக்கர் காலி. மனை போட்டால் கொள்ளை லாபம். லூஸின் மனைவி எல்லா அதை வாங்கி, புருஷன் பெயரில் நகரத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்.

அதற்கும் முன்னால், 1864 அக்டோபரில், இந்த மேட்டில் முப்பதாயிரம் பேர் மோதிய ‘வெஸ்ட்போர்ட் யுத்தம்’ நடந்தது. அடிமை முறை வேண்டும் என்ற தெற்குப் படை தோற்று ஓடியது. அப்படி ரத்தம் சிந்திய மண்ணைச் சுற்றித்தான் ஐம்பது வருஷத்துக்குள் ‘கறுப்பர் கூடாது’ என்று பத்திரம் எழுதினார்கள்.

நான் போனது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பீரங்கி ஒன்றின் மேல் பையன்கள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரோஜாத் தோட்டத்தில் ஒரு கறுப்பின மணப்பெண், பத்துப் பன்னிரண்டு தோழிகளோடு போட்டோவுக்கு நின்றாள். மாப்பிள்ளைக்கு டை சரியாக நிற்கவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, முன்பின் தெரியாதவர்தான், நின்று சரிபண்ணிவிட்டுப் போனார். வாத்துகள் யாருக்கும் வழிவிடாமல் குறுக்கே நடந்தன.

பிளாஸாவின் ஒரு பக்கம், குதிரைகள் பாயும் அழகான நீரூற்று ஒன்று இருக்கிறது. 1960-லிருந்து அதற்கு நிக்கல்ஸ் பெயர். பக்கத்துச் சாலைக்கும் அவர் பெயர்தான். 2020-ல் நகரத்துப் பார்க் போர்டு கூடி இரண்டிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டது. பெயரை எடுக்க ஒரு மீட்டிங் போதுமாக இருந்தது. ட்ரூஸ்ட் அவென்யூ அங்கேயேதான் ஓடுகிறது.

திரும்பும் வழியில் நண்பர் காரை ஓரமாக நிறுத்தி, “சார், ஒரு அஞ்சு நிமிஷம்” என்றார். கடைக்குள் போய் வந்தவர் கையில் ஒரு டப்பா. புல் வெட்டும் மெஷினுக்கு எண்ணெய்!